பதினாலாம் நம்பர் வீட்டிலிருந்து பதில் இல்லை

பொன்னொளி நகர் மூன்றாவது தெருவில் பதினாலாம் நம்பர் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு உலகத்தோடு இருந்த தொடர்பு அறுந்துபோய், அதற்குப் பதிலாகத் தெருவோடு தொடர்பு ஏற்பட்டது, விஜயதசமி கழிந்து வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு. பாளையங்கோட்டையில் எத்தனையோ தெரு இருக்க இந்தத் தெருவுக்கு ஏன் இப்படி நடந்தது என்று அங்கே யாரும் கேட்கவில்லை. இவ்வளவு நாள் ஏன் நடக்கவில்லை என்றுதான் கேட்டார்கள்.

காரணம் சந்தனம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்தத் தெருவில் எல்லாருக்கும் எல்லாம் தெரியும், அது ஒன்றைத் தவிர. பதினாலாம் நம்பர் வீட்டுக்காரர் கோமதிநாயகம் மின்வாரியத்தில் முப்பத்திநாலு வருஷம் எழுத்தராக இருந்து, யார் வீட்டு இணைப்பை எந்தத் தேதியில் துண்டிப்பது என்று பட்டியல் எழுதி எழுதியே ஓய்வு பெற்றவர். ஆயுத பூஜைக்கு மற்றவர்கள் இயந்திரத்தின் நெற்றியில் பொட்டு வைப்பார்கள். அவருக்கு அது பிடிக்காது. மின்சாரமோ வேறெதுவோ எந்த வாசல் வழியாக உள்ளே நுழைகிறதோ அந்த வாசலில்தான் பொட்டு வைக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. அந்த வருஷமும் மிக்சி, கிரைண்டர், டிவி என்று ஒவ்வொன்றாகத் துடைத்து வாசலில் பொட்டு வைத்து, கடைசியாகப் பீரோ மேல் இருந்த இன்டர்நெட் பெட்டியின் ஒயரைக் கழற்றி, அந்தச் சதுர ஓட்டைக்குள் குழைத்த சந்தனத்தை மோதிர விரலால் நிறைவாக அப்பி, குங்குமம் தொட்டு, ஒயரைத் திரும்ப அழுத்திச் செருகி, பெட்டிக்கு ஒரு முழம் மல்லிகைப்பூவும் சுற்றிக் கும்பிட்டார். பக்தியில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

வீட்டுக்கு ஒரு செல்போன், அதுவும் வீட்டுக்காரரின் சட்டைப்பையில் என்று இருந்த காலம் அது. கோமதிநாயகத்தின் மனைவி சண்முகவடிவுக்குச் சட்டைப்பை இல்லை. ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிதான் இருந்தது. அவர்களுடைய ஒரே மகன் குற்றாலநாதன் புனேயில் வேலை பார்த்த இடத்தில் பிளெசி என்ற கிறிஸ்தவப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு, இரண்டு வருஷத்துக்கு முன்னால் தெரு விழிக்காத நேரத்தில் அவளோடு வாசலில் வந்து நின்றபோது, கோமதிநாயகம் கதவைத் திறக்காமல் ஜன்னல் வழியாக, "இணைப்பு துண்டிக்கப்பட்டது" என்று அலுவலகக் குரலில் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அந்த வீட்டில் மகன் பெயரை யாரும் எடுப்பதில்லை. ஆனால் ஞாயிறுதோறும் பத்தரைக்கு அவர் ஓய்வூதியர் சங்கக் கூட்டத்துக்குக் கிளம்பியதும், பன்னிரண்டாம் நம்பர் எஸ்தர் டீச்சர் சொல்லிக் கொடுத்தபடி வடிவு பச்சைப் பொத்தானை அமுக்குவாள். பதினொரு மணிக்குத் திரையில் மகன் வருவான், மருமகள் வருவாள், இருவருக்கும் நடுவில் பேத்தி அமுதினி வருவாள். போன் பூத்துக்குப் போனால் குரல் கேட்கலாம், ஆனால் தெருவுக்கும் கேட்டுவிடும். பேத்தி தவழுவது பூத்தில் கேட்காது.

படம் பிடிக்கக் கற்றுக்கொண்டதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் பேத்தியின் முகத்தை ஒரு படமாகப் பிடித்து, திரையின் ஓரத்திலேயே ஒரு ஃபோல்டரில் போட்டு, அதற்கு உளுந்தங்களி என்று பெயர் வைத்திருந்தாள் வடிவு. கோமதிநாயகத்துக்கு உலகத்திலேயே பிடிக்காத பண்டம் உளுந்தங்களி. அதைத் திறக்க மாட்டார் என்பது அவள் கணக்கு. அந்த ஆயுத பூஜை வரைக்கும் களிக்குள் பத்தொன்பது அமுதினிகள் சேர்ந்திருந்தார்கள்.

விஜயதசமிக்குப் பிந்திய ஞாயிறு பத்தொன்பது இருபதாகியிருக்க வேண்டும். பச்சைப் பொத்தான் சாம்பல் நிறமாகக் கிடந்தது. வடிவு உதவி எண்ணுக்கு வீட்டுப் போனில் கூப்பிட்டாள். காசு விழாத எண் என்பதால் பில்லில் வராது. கோமதிநாயகம் பில்லை வரி வரியாகப் படிப்பவர். அந்தப் பக்கம் ஒரு பெண் தேன் குரலில், பெட்டியை அணைத்து, முப்பது எண்ணி, திரும்பப் போடச் சொன்னாள். அணைத்து, முப்பது எண்ணிப் போட்டாள். ஒயர் டைட்டாக இருக்கிறதா என்று கேட்டாள் அந்தப் பெண். வடிவு ஸ்டூல் போட்டு ஏறி இழுத்துப் பார்த்துவிட்டு, "அசைக்கவே முடியலம்மா, அம்புட்டு டைட்டு" என்றாள். அப்படியானால் இன்னொரு தடவை அணைத்து முப்பது எண்ணுங்கள் என்றாள் அவள். மூன்றாவது முப்பது முடிந்ததும் திரையில் வெள்ளையாக ஒரு பக்கம் திறந்தது, நடுவில் தேடுவதற்கு ஒரு கட்டம், கீழே சின்ன எழுத்தில், பொன்னொளி நகர் மூன்றாவது தெரு, வீடுகள் இருபத்திரண்டு.

வடிவு மகன் பெயரைத் தட்டினாள். 'அப்படி ஒருவர் இந்தத் தெருவில் இப்போது இல்லை' என்று வந்தது. புனே என்று தட்டினாள். 'ஒன்பதாம் நம்பர் வீட்டுச் சுந்தரவல்லி ஒரு தடவை ரயிலில் அந்த ஊரைக் கடந்து போயிருக்கிறாள். அப்போது தூங்கிக்கொண்டிருந்தாள்' என்று வந்தது. எஸ்தர் டீச்சரை மதில் வழியாகக் கூப்பிட்டாள். டீச்சர் வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மழை வருமா என்று தட்டிப் பார்த்தார். 'வராது என்று ஐந்து வீட்டிலும் வரும் என்று மூன்று வீட்டிலும் சொல்கிறார்கள். பதினொன்றாம் நம்பரில் வடகம் காயப்போட்டிருக்கிறார்கள். ஆகவே வரும்.' டீச்சர் படித்து முடிப்பதற்குள் தூறல் விழுந்தது.

"அக்கா, இது நெட்டு இல்ல. இது நம்ம தெரு" என்றார் எஸ்தர் டீச்சர்.

"தெருவை வச்சு நான் என்ன செய்ய டீச்சர்? எனக்குப் புனேல்லா வேணும்" என்றாள் வடிவு.

ஆனால் தெருவுக்குத் தெருதான் வேண்டியிருந்தது. திங்கட்கிழமை காலை பால் வருவதற்குள் விஷயம் இருபத்திரண்டு வீட்டுக்கும் போய்விட்டது. யாரும் வாயைப் பிளக்கவில்லை, யாரும் கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை. காணாமல் போன பித்தளைக் குடத்தைப் பற்றிக் கேட்க நான்காம் நம்பர்க்காரி காலில் ஈரத்தோடு வந்து நின்றாள், குடம் ஆறாம் நம்பரில் அரிசி போட்டு வைக்கப்பட்டிருப்பதாகப் பதில் வந்தது, அரிசியோடு தூக்கிக்கொண்டு போனாள். யார் வீட்டுக் குப்பை யார் வாசலில் விழுகிறது, பெண் பார்க்க வந்தவர்கள் பக்கத்து வீட்டில் என்ன விசாரித்தார்கள், இஸ்திரிக்காரன் யாருடைய சட்டையைப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போனான், எல்லாவற்றுக்கும் அது பொறுமையாகப் பதில் சொன்னது. அது புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஒரு வீட்டில் சொல்லி மறு வீட்டில் கேட்ட விஷயம்தான் அதற்குத் தெரியும். அந்தத் தெருவில் அப்படிச் சொல்லாமல் கேட்காமல் கிடந்தது எது? தேடுவதற்கு ஒரு பெட்டி இல்லாமல் இருந்தது, அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் நலச்சங்கச் செயலாளர் சிவசைலம் வந்தார். வருவாய்த்துறையில் ஆய்வாளராக இருந்தவர். ஒழுங்குக்கு வராத எதையும் பார்த்தால் அவருக்குத் தூக்கம் வராது. காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம், செருப்பு வாசலுக்கு வெளியே, வீட்டுக்கு ஒரு கேள்வி, அடுத்த வீட்டைப் பற்றிய கேள்வி என்றால் இரண்டு பிரதிகளில் மனு, ஒரு பிரதி சங்கத்துக்கு என்று விதிகள் எழுதி வடிவின் வீட்டு நிலையில் ஒட்டினார். எல்லாரும் மனுவோடு வந்தார்கள், ஏனென்றால் சொந்த வீட்டைப் பற்றிக் கேட்க யாருக்கும் ஒன்றும் இருக்கவில்லை.

பதினாலாம் நம்பரைப் பற்றியும் கேட்டார்கள். வடிவு காப்பி போட அடுக்களைக்குள் போகும்போதெல்லாம் யாராவது ஒருவர் அவசரமாகத் தட்டினார்கள்: இவர்கள் மகன் ஏன் வருவதில்லை? வடிவு வாரா வாரம் யாரோடு பேசுகிறாள்? இருபத்தொரு வீட்டுக்கும் வாய் ஓயாமல் பதில் சொன்ன அந்தப் பெட்டி அந்த ஒரு வீட்டுக்கு மட்டும், 'பதினாலாம் நம்பர் வீட்டிலிருந்து பதில் இல்லை' என்று நின்றுவிட்டது. எஸ்தர் டீச்சர் வாயைத் திறக்கிற ஆள் இல்லை. புருஷன் பெண்டாட்டியிடம் சொல்லாததும் பெண்டாட்டி புருஷனிடம் சொல்லாததும் தெருவுக்கு எப்படி வரும்?

வடிவு தெருவுக்குக் காப்பி போட்டுக்கொண்டே நெட்டைச் சரிசெய்யப் பார்த்தாள். அணைத்து, முப்பது எண்ணிப் போட்டாள். வைரஸ் என்று யாரோ சொன்னதால் வைரஸ் தேட விட்டாள். அது ராத்திரி முழுக்கத் தேடி ஒன்றுமில்லை என்றது. கம்ப்யூட்டர் தெற்குப் பார்த்திருப்பதால்தான் என்று ஒன்பதாம் நம்பர் சுந்தரவல்லி சொல்ல, நாலு பேர் பிடித்துக் கிழக்கே திருப்பி வைத்தார்கள். திரைக்குப் பின்னால் எலுமிச்சம்பழம் கட்டினார்கள். தொலைபேசி அலுவலகத்திலிருந்து ஆள் வந்து, கம்பத்திலிருந்து வாசல் வரைக்கும் லைன் பளிச்சென்று இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். பெட்டியில் விளக்குகள் எரிகின்றனவா என்று உதவி எண் பெண் கேட்டாள். எத்தனை எரிய வேண்டும் என்று வடிவு கேட்டாள். அதற்கு அவள், அணைத்து முப்பது எண்ணச் சொன்னாள். ஒவ்வொரு ஞாயிறும் பதினொரு மணிக்குப் பச்சைப் பொத்தான் சாம்பலாகவே கிடந்தது. பேத்திக்குப் பல் முளைத்திருக்குமே, பாட்டி முகம் மறந்துபோயிருக்குமே என்று வடிவு களியைத் திறந்து பத்தொன்பது படத்தையும் வரிசையாகப் பார்த்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, பன்னிரண்டரைக்கு வரும் கணவருக்கு இலை போட்டாள்.

கம்ப்யூட்டர் மெக்கானிக் தாவூதையும் மேலப்பாளையத்திலிருந்து வரவழைத்தாள். அவன் தோள்பையில் சிடிகளைச் சுமந்துகொண்டு ஊரெல்லாம் சுற்றுகிறவன். எந்த வீட்டில் எந்தக் கோளாறு என்றாலும் அவன் வாயில் முதலில் வருவது ஒரே சொல்தான்.

"ஃபார்மட் போட்டுருவோம்க்கா. பழசைப் பூராத் தொடச்சிட்டுப் புதுசா ஏத்திட்டா ஒரு பிரச்சினையும் இருக்காது."

"அதுக்கு முன்னால வேற ஏதாவது பாக்க முடியாதா தம்பி?"

"பாக்கலாம். ஒண்ணு ஒண்ணாப் பாத்தா ரெண்டு மணி நேரம் ஆவும். ஃபார்மட்டுன்னா ஒரு மணி நேரம்."

வடிவு அவனைக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டாள்.

இதற்கிடையில் அந்த வீட்டில் இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. மத்தியானம் இரண்டு மணிக்கு, தெரு சாப்பிட்டுப் படுத்த பிறகு, வடிவு பக்கத்து அறையில் கண் அயரும் நேரத்தில், கோமதிநாயகம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து இரண்டு விரலால் தட்டத் தொடங்குவார். டக், டக், டக் என்று அரைமணி நேரம் கேட்கும், கடைசியில் முத்திரை குத்துகிற மாதிரி ஒரு பெரிய டக். என்ன என்று கேட்டால், "பழைய ஆபீஸ் விஷயம்" என்பார். ஞாயிறு மட்டும் தட்டுவதில்லை. கந்த சஷ்டிக்கு ஒரு நாள் தட்டவில்லை.

மழைக்காலம் வந்து தெருமுனையில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. எஸ்தர் டீச்சர் முறைப்படி மனுக் கொடுத்து, தண்ணீர் ஏன் வடியவில்லை என்று கேட்டார். 'செயலாளர் சிவசைலம் வீட்டுக் காம்பவுண்டுச் சுவர் வாய்க்கால் மேல் இரண்டரை அடி நிற்கிறது. கட்டும்போது எல்லாரும் பார்த்தார்கள். எல்லாரும் அவர் வீட்டில் டீ குடித்தார்கள்' என்று வந்தது. பின்னால் வரிசையில் நின்ற பதினோரு பேரும் அதைப் படித்துவிட்டு, டீ குடித்த நாளை நினைத்துக்கொண்டு, சத்தம் காட்டாமல் செருப்பைத் தேடினார்கள்.

அந்த வாரமே பிள்ளையார் கோயில் முன்னால் சங்கத்தின் அவசரக் கூட்டம் நடந்தது.

"தெருன்னா அதுக்கு ஒரு மானம் மரியாதை வேண்டாமா?" என்று சிவசைலம் கேட்டார். "இந்தப் பொட்டிக்கு என்னமோ கோளாறு. கோளாறு வந்த பொட்டியைச் சரிசெய்யணும். ஃபார்மட் போட்டுருவோம். யாரு வழிமொழியுதிய?"

குடம் எடுத்து வைத்திருந்த ஆறாம் நம்பர் கை தூக்குவதற்கு முன்னால், ஆறு வருஷமாகச் சங்கத்தில் வாயைத் திறக்காத கோமதிநாயகம் எழுந்து, "நான் வழிமொழியுதேன்" என்றார்.

பெண்கள் பக்கம் வடிவு உட்கார்ந்திருந்தாள். மகனைத்தான் துண்டித்தாயிற்று, அந்தப் பத்தொன்பது படத்தையுமா இந்த மனுஷன் தொடைக்கணும் என்று நினைத்தாள். அவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது, ஆனாலும் கோபம் குறையவில்லை.

டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சந்தனம் வைத்து ஒன்பது வாரம் கழிந்து, தாவூது சிடிப் பையோடு வந்தான். ஓய்வூதியர் சங்கத்துக்கு லீவு சொல்லிவிட்டுக் கோமதிநாயகம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். துடைப்பது ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்கச் சிவசைலம் வந்திருந்தார், அவரைப் பார்க்கத் தெரு வந்திருந்தது. இடம் கிடைக்காதவர்கள் ஜன்னலில் நின்றார்கள். மணி பத்தே முக்கால்.

தாவூதுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு தடவை ஒரு டாக்டர் வீட்டில் கேட்காமல் துடைத்து, மகள் கல்யாணப் படம் முழுக்கப் போய், டாக்டர் ஊசியோடு துரத்தியதிலிருந்து, நிக்காஹ்வில் பெண்ணிடம் கேட்பதுபோல் மூன்று தடவை கேட்டுவிட்டுத்தான் பொத்தானை அமுக்குவான்.

"சி டிரைவுல, டெஸ்க்டாப்புல இருக்கிறது எல்லாம் போயிரும். வேணுங்கிறது ஏதும் இருக்கா? இருந்தா சொல்லுங்க, தனியா எடுத்து வச்சிருதேன்."

"ஒண்ணும் இல்ல" என்றார் கோமதிநாயகம்.

"ஒண்ணும் இல்ல" என்றாள் வடிவு. இருபது பேர் முன்னால் வேறு என்ன சொல்வாள்? இருக்கிறது என்றால் என்ன என்பார்கள். என்ன என்று சொன்னால் இரண்டு வருஷத்து ஞாயிறுகளும் அவர் முன்னால் கொட்டிவிடும். சொல்லாவிட்டால் பேத்தி போய்விடுவாள்.

தாவூது சிடியை உள்ளே தள்ளினான். "ரெண்டாவது தடவையாக் கேக்குதேன். வேணுங்கிறது ஏதும் இருக்கா?"

"இல்ல" என்றார் கோமதிநாயகம். வடிவு தலையை மட்டும் ஆட்டினாள்.

"கடைசியாக் கேக்குதேன்."

"எத்தனை தடவைடே சொல்லுதது? அமுக்கித் தொலை" என்றார் கோமதிநாயகம்.

"இருக்கு" என்றாள் வடிவு.

எல்லாரும் திரும்பினார்கள். "என்ன இருக்கு?" என்றார் சிவசைலம்.

"உளுந்தங்களி."

யாரோ சிரித்தார்கள். வடிவு சிரித்த பக்கம் பார்க்கவில்லை. நாற்காலியைப் பார்த்துத்தான் சொன்னாள். "அந்தக் களிக்குள்ள என் பேத்தி இருக்கா. பத்தொம்பது ஞாயித்துக்கிழமை இருக்கா. நீங்க மீட்டிங்குக்குப் போவும்போதெல்லாம் எம்பிள்ளைகூடப் பேசினேன். இனிமேலும் பேசுவேன். அதைத் தொடைக்க விட மாட்டேன்."

திரையில் சிடி திறந்த கட்டத்துக்குப் பின்னால் மறைந்து கிடந்த வெள்ளைப் பக்கத்தில், ஒன்பது வாரமாக அசையாமல் நின்ற வரி அழிந்து புதிதாக ஒன்று வந்தது: 'பதினாலாம் நம்பர் வீட்டிலிருந்து பதில். ஒருத்தி இருக்கிறாள்.'

தாவூது அதைப் படித்துவிட்டுச் சிடியை வெளியே எடுத்தான். "அப்ப ஃபார்மட் வேண்டாம். முறையா ஒண்ணு ஒண்ணாப் பாப்போம்."

திரையில் கறுப்பாக ஒரு ஜன்னலைத் திறந்தான். இதில் நம்பரைத் தட்டி ஒவ்வொருவராகக் கூப்பிட வேண்டும், இருக்கிறாயா என்று கேட்டால் இருக்கிறேன் என்று சொல்ல வேண்டும், முதலில் தன்னைத்தானே கூப்பிட வேண்டும், பிறகு பக்கத்தில் உள்ளவரை, பிறகுதான் உலகத்தை என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னான். படித்த காலத்தில் முதல் பாடமே இதுதான் என்றும், பிழைப்பில் இறங்கிய பிறகு யாரும் செய்வதில்லை என்றும் வெட்கத்தோடு சொன்னான். கம்ப்யூட்டர் தன்னைத்தானே கூப்பிட்டது, பதில் வந்தது. பீரோ மேல் இருந்த பெட்டியைக் கூப்பிட்டது, பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டது, பதில் இல்லை.

"அக்கா, உங்க கம்ப்யூட்டர் நல்லா இருக்கு. வெளியில உலகமும் நல்லாத்தான் இருக்கு" என்றான் தாவூது. "ரெண்டுக்கும் நடுவுல இருக்கிறதுதான் வாயைத் தொறக்க மாட்டேங்கு."

அறையில் இருந்த அத்தனை பேரும் ஏனோ கோமதிநாயகத்தைப் பார்த்தார்கள்.

தாவூது ஸ்டூலில் ஏறிக் காய்ந்த மல்லிகையை உதிர்த்துவிட்டு ஒயரைப் பிடித்து இழுத்தான். வரவில்லை. குறடு போட்டு இழுத்தான். பிளாஸ்டிக் முனையோடு சேர்ந்து, சுண்ணாம்புக் கட்டி மாதிரி இறுகிப்போன ஒரு துண்டு மஞ்சளாக வெளியே வந்து விழுந்தது. எஸ்தர் டீச்சர் எடுத்து மோந்து பார்த்தார். "சந்தனம்" என்றார். வடிவு தலையிலிருந்து ஊக்கை உருவிக் கொடுத்தாள்; தாவூது ஓட்டையைச் சுரண்டி ஊதி, பையிலிருந்த புது முனையைப் போட்டுச் செருகினான். ஒன்பது வாரம் அணைந்து கிடந்த ஒரு சின்ன விளக்கு பச்சையாகக் கண் சிமிட்டியது. வெள்ளைப் பக்கம் காணாமல் போனது.

"வேண்டாம்!" என்று கத்திக்கொண்டு கோமதிநாயகம் எழுந்தார். எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. சுவரில் இருந்த சுவிட்சில் விரலை வைத்துக்கொண்டு நின்றார்.

திரையின் கீழ் மூலையில் ஒரு கட்டம் முளைத்து, ஐம்பத்து மூன்று கடிதங்கள் வெளியே போகின்றன என்றது. ஐம்பத்திரண்டு என்றது. முதலாவது எது என்று தாவூது தொட்டுப் பார்க்க, அது திறந்துகொண்டது.

'அனுப்புநர்: எஸ். கோமதிநாயகம், எழுத்தர் (ஓய்வு). பெறுநர்: திரு. கோ. குற்றாலநாதன், புனே. பொருள்: மகன், மருமகள், குழந்தை வீட்டிற்கு வருகை தருதல் தொடர்பாக. ஐயா, 'இணைப்பு துண்டிக்கப்பட்டது' என்று கீழே கையொப்பமிட்டுள்ளவரால் வாய்மொழியாகத் தெரிவிக்கப்பட்ட உத்தரவு மறுபரிசீலனை செய்யப்பட்டு இரத்து செய்யப்படுகிறது. தாங்கள் விரைவில் வந்து சேருமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.'

அடுத்தது நினைவூட்டு ஒன்று. அதற்கடுத்தது நினைவூட்டு இரண்டு. கடைசியாக நேற்று இரண்டரை மணிக்கு எழுதிய நினைவூட்டு ஐம்பத்திரண்டு. பிள்ளை பிறந்த செய்தி அவருக்கு எப்படித் தெரியும்? தெருவில் ஒருவருக்கும் தெரியாதது, பதினாலாம் நம்பரில் ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் தெரிந்திருக்கிறது. ஆனால் வடிவுக்கு அதைக் கேட்கத் தோன்றவில்லை. லைன் செத்துப்போன பின்னால்தான் இந்த மனுஷன் எழுதத் தொடங்கியிருக்கிறார் என்பது அவளுக்கு விளங்கியது. எந்தக் கடிதமும் போகாது என்று தெரிந்த பிறகுதான் ஒவ்வொன்றையும் அனுப்பு என்று அமுக்கியிருக்கிறார். லைன் சரியானால் எல்லாம் போய்ச் சேர்ந்துவிடுமோ என்ற பயத்தில்தான் ஃபார்மட்டை வழிமொழிந்திருக்கிறார். முட்டாள் மனுஷன் என்று அவளுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

முப்பத்தொன்பது என்றது கட்டம். முப்பத்தெட்டு. கோமதிநாயகத்தின் விரல் சுவிட்ச் மேல் நின்றது. எத்தனையோ வீட்டை அணைக்கச் சொல்லி எழுதிய விரல்.

"அணைக்கப் போறியளா?" என்றாள் வடிவு.

அவர் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அணைங்க. நான் முப்பது எண்ணிட்டுத் திரும்பப் போடுவேன். அது பாட்டுக்கு மிச்சமும் போவும்."

இருபது, பத்தொன்பது, பதினெட்டு. விரல் சுவிட்ச் மேலேயே இருந்தது, அமுக்கவில்லை. பத்து, ஒன்பது. பூஜ்யம் வந்ததும் கட்டம் மறைந்தது. விரலை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

மணி பதினொன்று. பச்சைப் பொத்தான் பச்சையாகிக் கூப்பிட்டது. வடிவு அமுக்கினாள். குற்றாலநாதன் வந்தான், கண்ணெல்லாம் சிவந்திருந்தது, பக்கத்தில் பிளெசி, நடுவில், தவழ்ந்துகொண்டிருந்த பிள்ளை மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றது, கீழே இரண்டு பல்.

"எம்மா, ரெண்டு மாசமா என்ன ஆச்சோன்னு பயந்து போயிட்டோம், அப்பா எடுத்துருவாகன்னு வீட்டுப் போனுக்கும் கூப்பிடல. இப்ப ஒரே நிமிசத்துல அப்பாட்ட இருந்து அம்பத்தி ரெண்டு நினைவூட்டு வந்திருக்கு" என்றான் மகன். "முதல் கடிதமே இப்பத்தாம்மா வந்துச்சு. நான் என்ன பதில் எழுத?"

வடிவு திரும்பிப் பார்த்தாள். கேமராவில் விழாமல் சுவரோரம் ஒதுங்கி நின்ற கோமதிநாயகம் தொண்டையைச் செருமினார்.

"ஏளா, பதிலு எழுத்துல வேண்டாம்னு சொல்லு. சம்பந்தப்பட்ட மூணு பேரும் நேர்ல ஆஜராகணும்னு சொல்லு."

சிவசைலம் முதல் ஆளாகச் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனார்; தெருப் பெட்டி தானாகவே போய்விட்டதில் அவருக்கு நிம்மதி, ஆனால் வாய்க்கால் தண்ணீர் அங்கேயே நின்றது, வேட்டியைத் தூக்கிக்கொண்டுதான் நடந்தார். மற்றவர்களும் கலைந்தார்கள். பதினாலாம் நம்பர் வீட்டுக்கு மகன் எந்த ரயிலில் வருகிறான், மருமகளுக்கு மீன் குழம்பு உண்டா இல்லையா என்பது சாயங்காலத்துக்குள் எல்லா வீட்டுக்கும் தெரிந்திருந்தது. அதற்கு அவர்களுக்குக் கம்ப்யூட்டர் தேவைப்படவில்லை.

மத்தியானம் இரண்டு மணிக்கு, வழக்கமாகத் தட்டுகிற நேரத்தில், கோமதிநாயகம் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தார். தட்டும் சத்தம் கேட்கவில்லை. வடிவு எட்டிப் பார்த்தபோது இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏளா, இங்க வா" என்றார். "அந்த உளுந்தங்களியைக் கொஞ்சம் தொற."